வெள்ளையடிக்காமல் விட்ட சுவர்

1971, ஐப்பசி. மழை. ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், காவிரிப் பாலத்தின் மேல், குதிரை வண்டிக்குள் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. வண்டி பாலத்தை விட்டு இறங்குமுன் குழந்தை இறந்தது. பெயரிடும் நாள் வரவில்லை.

1977, கோடை. சட்டமன்றத் தேர்தல். தென்னூரில் மருத்துவம் பார்த்துவந்த டாக்டர் ஒருவர் எங்கள் தொகுதியில் நின்று வென்றார்.

1978, தை. எங்கள் தெருக்கோடியில் இருந்த காலி மனையில் பிரசவ நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

1979, ஆடி. அந்த நிலையம் கொள்ளிடக் கரையோரம் வேறோர் இடத்துக்கு மாற்றப்பட்டது.

1980, கோடை. டாக்டர் மீண்டும் வென்றார்.

1983, கார்த்திகை. எங்கள் வீட்டுத் துணிகளை வெளுத்துத் தந்த அம்மாளின் மருமகள், பிரசவத்துக்குப் போகும் வழியில், பாலத்தின் மேல் இறந்தாள்.

1984, போகி. எங்கள் வீட்டுப் பக்கவாட்டுச் சுவருக்கு முழுவதுமாக வெள்ளையடிக்கப்பட்டது.

சென்ற ஆண்டு, ஆவணி. என் மனைவி காலமானாள்.

நடந்தவை இவை. வரிசை மாறாமல் எழுதிவிட்டேன். இனி எழுதப்போவதில் என் மனம் கலந்திருக்கும். அதனால் இவற்றைத் தனியே வைத்தேன்.

எங்கள் வீடு முனைவீடு. முகப்பு, பெருமாள் எழுந்தருளும் வீதியைப் பார்த்தது. பக்கவாட்டுச் சுவர் கடைத்தெருவுக்குப் போகும் சந்துப் பக்கம் பார்த்தது. நீளமான, சன்னல் இல்லாத சுவர். தேர்தல் அறிவிப்பு வந்த மறுநாளே கட்சிக்காரர்கள் கரித்துண்டால் தங்கள் பெயரின் முதலெழுத்தைப் போட்டு இடம் பிடித்துக்கொள்ளும் சுவர். முதலில் கரி போட்டவருக்கே சுவர் என்பது எல்லாக் கட்சிகளும் மதித்த ஒரே சட்டம். எழுபத்தேழில் கரித்துண்டோடு வந்தவர்களை என் மனைவி வாசலில் நின்று திருப்பி அனுப்பினாள். பிறகு தானே ஒரு சுவரெழுத்துக்காரரைக் கூப்பிட்டு வரச் செய்து, டாக்டருக்காக எழுதச் சொன்னாள்.

சுவரெழுத்தில் சின்னம் பெரிதாக இருக்கும், பெயர் அதைவிடப் பெரிதாக இருக்கும், மற்றவை அடியில் ஒண்டிக்கொள்ளும். அவள் கேட்டது வேறு. சுவர் முழுக்க ஒரு வாக்கியம். பெயரும் சின்னமும் ஓர் ஓரத்தில். சுவரெழுத்துக்காரர் நீலத்தைக் கரைத்தபடியே தலையை ஆட்டினார். "மாமி, ஓட்டுப் போடறவன் சைக்கிள்ல போய்க்கிட்டே படிக்கணும். இவ்வளவு நீளமா எழுதினா விழுந்துடுவான்" என்றார். "விழுந்தா டாக்டர் பார்த்துப்பார். நீங்க எழுதுங்கோ" என்றாள் அவள். மாலைக்குள் சுவரில் இருந்தது: *பிரசவத்துக்காக இனி யாரும் ஆற்றைக் கடக்க வேண்டாம்.*

வாக்கியம் டாக்டருடையது. கீழவாசல் பக்கம் நடந்த ஒரு தெருமுனைக் கூட்டத்தில் அவர் அதைச் சொன்னபோது நாங்கள் இருவரும் கூட்டத்தின் விளிம்பில் நின்றிருந்தோம். நான் டவுனில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன். தேர்தல் அறிக்கைகளை வகுப்பில் பிரித்துக் காட்டியே பழகியவன். மேடைப் பேச்சைக் கேட்கும்போது என் காது தானாகவே அதில் செலவுக்கு வழி சொல்லியிருக்கிறதா என்று தேடும். டாக்டரின் பேச்சில் வழியும் இருந்தது. சிக்கலான பிரசவமென்றால் ஸ்ரீரங்கத் தீவை விட்டு வெளியே போயாக வேண்டிய நிலையை மாற்றச் சில தெருக்களுக்கு ஒரு பிரசவ நிலையம் போதும் என்றார். அங்கே பகலும் இரவும் தங்கியிருக்கும் நர்ஸ். எந்தத் தெருப் பெண்ணையும் எந்தச் சாதி நர்ஸும் தொட்டுப் பார்ப்பாள், அதில் முகம் சுளிப்பவர்களின் ஓட்டு எனக்கு வேண்டாம் என்றார். நெருக்கடிநிலைக் காலத்தின் கருத்தடை அறுவை முகாம்கள் எல்லோர் நினைவிலும் பச்சையாக இருந்த நேரம் அது. குழந்தை வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெற்றுக்கொள்பவள் சொல்வாள், அதிகாரி சொல்லக்கூடாது என்றார். கோபுர வாசலில் உட்கார்ந்திருக்கும் தொழுநோயாளிக்கும் பொது வார்டில் கட்டில் உண்டு என்றார். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல் எழுந்தது. எங்கள் தெருக்காரர்களும் தட்டினார்கள். அதை என் கண்ணால் பார்த்தேன். என் மனைவி தட்டவில்லை. ஆற்றைக் கடக்க வேண்டாம் என்ற வாக்கியம் வந்தபோது என் முழங்கையைப் பிடித்தாள். ஆறு ஆண்டுகளாக அந்தப் பாலத்தில் பஸ் ஏறும்போதெல்லாம் அவள் பிடித்துக்கொள்ளும் அதே இடத்தில் பிடித்தாள்.

அவள் பிறந்த குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காலையில் பெருமாளுக்குத் திருவாராதனம் முடியாமல் அடுப்பு பற்றாத குடும்பம். அங்கே குழந்தைகளுக்கு முதலில் சொல்லித் தருவது, பெருமாள் சரணடைந்தவனுக்கு ஒருமுறை சொன்ன வார்த்தைக்கு மறுவார்த்தை இல்லை என்பது. அஞ்சாதே என்று அவன் சொல்லிவிட்டால் அது நடந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும். திரும்பக் கேட்பதே அபசாரம். அந்த நம்பிக்கையைச் சன்னதியிலிருந்து எடுத்து மேடைக்குக் கொண்டுபோனாள் என் மனைவி. எங்களைப் போன்றவர்களால் மட்டுமே செய்ய முடிந்த பிழை அது. அரசியல் தெரிந்தவன் அதைச் செய்யமாட்டான். அரசியலே தெரியாதவனுக்கும் ஒரு வேட்பாளரின் பேச்சைச் சரம வாக்காக, பெருமாளே சொன்ன முடிவான வார்த்தையாக, எடுத்துக்கொள்ளும் பயிற்சி இருக்காது.

அந்தக் கோடையில் அவள் வீடு தங்கவில்லை. மடிசார் கட்டிக்கொண்டு, கையில் ஒரு கூஜாத் தண்ணீரோடு புறப்படுவாள். சில நாட்களில் கூஜா நிறைந்தபடியே திரும்பும், போன வீடுகளில் கொடுத்த தண்ணீரைக் குடித்திருக்கிறாள் என்று அதற்குப் பொருள். எதிர்வீட்டு மாமி இதைக் கண்டுபிடித்துத் தெரு முழுக்கச் சொன்னாள். "உங்க டாக்டர் ஜெயிச்சா உங்களுக்கும் ஒரு ஜீப் தருவாராமே" என்று வேறொருத்தி சீண்டினாள். "ஜீப் வந்தா உங்களை ஏத்திண்டு போறேன் மாமி, உங்களால படித்துறை வரைக்கும் எங்கே நடக்க முடியறது" என்று இவள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். அவள் அத்தனை கலகலப்பாக இருந்து நான் பார்த்ததில்லை. குழந்தை போனபின் எங்கள் வீட்டில் பேச்சு, தேவைக்கு மட்டும் திறக்கும் குழாயைப்போல ஆகியிருந்தது. அந்தக் கோடையில் இரவு உணவின்போது எந்த வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று அவள் சொல்லச் சொல்ல, தட்டில் கை காயும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். அவளைப் புறப்பட வைத்தது டாக்டரின் கொள்கை மட்டுமல்ல என்பது எனக்குத் தெரிந்திருந்தது. பாலத்தின் மேல் நடந்தது இனி யாருக்கும் நடக்காது என்றால், நடந்ததற்கே ஏதோ ஒரு பொருள் இருந்துவிடும். அதைத்தான் அவள் வீடு வீடாகக் கேட்டுப் போனாள்.

கொள்ளிடக் கரையோரம் வெளுப்பவர்கள் குடியிருந்த பகுதிக்கு அவளுடன் ஒரு நாள் நானும் போனேன். எங்கள் துணிகளை வெளுத்துத் தரும் அம்மாள், ஈரக்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். டாக்டரைப் பற்றி என் மனைவி சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த டாக்டரை எங்களுக்குத் தெரியாதுங்க. உங்களைத் தெரியும். நீங்க சொல்லுங்க மாமி, என் மவனுக்குக் கல்யாணமாகி மருமக வந்தா அவ இங்கேயே பெத்துக்கலாமா?" என்றாள். "இங்கேயே பெத்துப்பா. நான் சொல்றேன்" என்றாள் என் மனைவி. அந்தப் பகுதி முழுவதும் டாக்டருக்கு வாக்களித்தது.

டாக்டர் வென்றார். மறு தையில் எங்கள் தெருக்கோடியில், பஸ்ஸும் தண்ணீர்க் குழாயும் அருகிலிருந்த காலி மனையில் அடிக்கல் நாட்டினார். என் மனைவியை மேடைக்கு அழைத்துச் சுண்ணாம்புக் கரண்டியை அவள் கையில் கொடுத்தார். அவ்வளவுதான் நாங்கள் கண்ட நல்ல நாள்.

ஆட்சேபம் தெருவிலிருந்தே வந்தது. கோயிலிலிருந்து எவரும் வாய் திறக்கவில்லை. அது முக்கியம், ஆகவே சொல்லிவைக்கிறேன். ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவரின் கூடத்தில் தெருக்காரர்கள் கூடினார்கள். பெருமாள் எழுந்தருளும் வீதியில் பிரசவத் தீட்டுக்கு ஒரு கட்டடமா என்பதுதான் பேச்சு. சுவரோரமாக நின்ற என் மனைவி, அந்தப் பெரியவரைப் பார்த்து, "ஏன் மாமா, இந்தத் தெருவிலே இதுவரைக்கும் யாருமே பிறக்கலையா? நீங்க எங்கேருந்து வந்தேள்?" என்று கேட்டாள். பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்து, உடனே அடங்கியது. அவர் கோபப்படவில்லை. கற்றறிந்த மனிதர், வார்த்தையை நிதானமாகத் தேர்ந்தெடுத்தார். "அது அகத்துக்குள்ளே நடக்கறது அம்மா. நம்ம தீட்டு. இது ஊர்த் தீட்டு" என்றார். அத்துடன் எல்லாம் விளங்கிவிட்டது. கட்டடத்தை யாரும் ஆட்சேபிக்கவில்லை. அதற்குள் யார் யார் வருவார்கள், எந்தத் தெருவிலிருந்து எந்த நர்ஸ் வந்து எங்கள் குழாயில் தண்ணீர் பிடிப்பாள் என்பதையே ஆட்சேபித்தார்கள். கூட்டத்தில் கைதட்டியவர்களும், முகம் சுளிப்பவர்களின் ஓட்டு வேண்டாமென்று சொன்னவருக்கே ஓட்டளித்தவர்களும் இவர்கள்தான். கொள்கை கூட்டத்தில் பேசப்பட்டவரை அவர்களுக்கு அதில் ஆட்சேபம் இருக்கவில்லை.

டாக்டர் எங்கள் வீட்டுக்கே வந்து சொன்னார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கொள்ளிடக் கரையோரம் புறம்போக்கு இடம் இருக்கிறதென்றும், ஏழைகள் அங்கேதானே இருக்கிறார்கள், அவர்களுக்கு அது இன்னும் பக்கம் என்றும் விளக்கினார். அங்கே பஸ் வராது, வெள்ள காலத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், குடிதண்ணீர் கிடையாது, நர்ஸ் எங்கே தங்குவாள் என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் செய்துவிடலாம் என்றார். கடைசியில், "இடம்தானே அம்மா மாறுது, வாக்கு மாறலையே. ஊரை அனுசரிச்சுத்தான் போகணும்" என்றார். அவர் கெட்டவர் அல்லர். கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் குறிப்பை எழுதுவது எனக்கு எளிதாக இருந்திருக்கும். மேடையில் சொன்ன ஒவ்வொன்றையும் அவர் நம்பினார் என்றே இன்றும் நினைக்கிறேன். அவற்றைக் காட்டிலும் அடுத்த தேர்தலைச் சற்று அதிகமாக நம்பினார்.

கட்டடம் கரையோரத்தில் எழுந்தது. ஒரு நர்ஸ் வந்தாள்; தண்ணீரும் இல்லாமல், தங்க அறையும் இல்லாமல் சில மாதங்கள் இருந்து பார்த்துவிட்டு மாற்றல் வாங்கிப் போனாள். அடுத்து ஒருத்தி நியமிக்கப்பட்டாள், வரவேயில்லை. பிறகு அங்கே வெள்ளத் தடுப்புக்கான மணல் மூட்டைகளை அடுக்கத் தொடங்கினார்கள். என் மனைவி விண்ணப்பம் கொடுத்தாள், நேரில் போனாள், டாக்டர் ஆட்களைச் சந்திக்கும் பயணியர் விடுதி வாசலில் காத்திருந்தாள். அவர் எப்போதும் எழுந்து நின்று வரவேற்றார்.

எண்பதாம் ஆண்டுத் தேர்தலுக்குச் சுண்ணாம்பு வாளியோடு அவருடைய ஆட்கள் எங்கள் சந்துக்கு வந்தார்கள். பழைய எழுத்தை அடித்துவிட்டுப் பெயரையும் சின்னத்தையும் பெரிதாக எழுத வேண்டும் என்றார்கள். அவள் சுவரின் முன் நின்றுகொண்டாள். விவரம் போய், ஜீப்பில் அவரே வந்து இறங்கினார். நான் கல்லூரிக்குப் புறப்பட்டு வாசலில் நின்றிருந்தேன். பழைய வாசகம் பார்ப்பவர்களுக்கு வேறு மாதிரித் தோன்றும் என்று அவர் மெல்லச் சொன்னார்.

"எந்த மாதிரி, டாக்டர்?" என்றாள்.

அவர் சுண்ணாம்பு வாளியைப் பார்த்தார்.

"சொன்னதை முடிச்சுட்டு வாங்கோ. அன்னிக்கு நீங்களே அடிக்கலாம். சுண்ணாம்பு நான் கரைச்சுத் தரேன்."

அவர் கைகூப்பிவிட்டு ஜீப்பில் ஏறினார். வேறு சுவர்கள் இருந்தன. அவர் வென்றார்.

அதன்பின் ஒவ்வொரு போகிக்கும் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் நிலைத்தது. வீடு முழுவதும் வெள்ளையடிப்போம். பக்கவாட்டுச் சுவரில் எழுத்து இருந்த இடத்தை மட்டும் விட்டுவிடுவோம். வெள்ளையடிப்பவர் மட்டையைச் சுண்ணாம்பில் நனைத்துக்கொண்டே, "என்ன மாமி, சுவத்துக்குத் திருஷ்டிப் பொட்டா?" என்பார். சுற்றிலும் வெண்மை ஏற ஏற, நடுவிலிருந்த இடம் பழுப்பேறி, நீல எழுத்து தூரத்திலிருந்தே தெரியும். சந்தில் புதிதாக வருபவர்கள் நின்று படிப்பார்கள். படித்துவிட்டு அந்த ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று வழி கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு வழி சொல்லும் வேலை எனக்கு வாய்த்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று சொல்வேன்.

வெளுக்கும் அம்மாளின் மருமகளுக்கு எண்பத்து மூன்றில் வலி கண்டது. கரையோரக் கட்டடத்தின் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, வாடகைக் காருக்கு ஆள் அனுப்பிக் காத்திருந்து, பிறகு புறப்பட்டிருக்கிறார்கள். பாலத்தின் மேல் அவள் போய்விட்டாள், குழந்தையும் பிழைக்கவில்லை. எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது. சில நாட்கள் கழித்து அந்த அம்மாள் வழக்கம்போல மூட்டையோடு வந்து, வெளுத்த வேட்டிகளை எடுத்துக் கொடுத்தாள். என் மனைவி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அந்த அம்மாள்தான், "நீங்க என்ன மாமி பண்ணுவீங்க. நீங்க சொன்னீங்க, நாங்க கேட்டோம். அவ்வளவுதானே" என்றாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் என் மனைவியால் தாங்கியிருக்க முடியும்.

அடுத்த போகிக்கு வெள்ளையடிப்பவர் எழுத்தருகே வந்ததும் வழக்கப்படி நிறுத்தினார். அவள் உள்ளிருந்து வந்து, அதையும் சேர்த்து அடித்துவிடச் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன்.

"டாக்டர் வாக்கா இருந்தா விட்டு வெச்சிருப்பேன்" என்றாள் என்னிடம். "அது என் வாக்காயிடுத்தே."

முதல் பூச்சில் நீலம் போகவில்லை. மூன்று முறை அடிக்க வேண்டியிருந்தது. அதன்பின் தேர்தல்தோறும் வாக்குச்சாவடிக்குத் தவறாமல் போனாள். விரலில் மை வைத்துக்கொண்டு, சீட்டு இருந்த காலம்வரை அதில் முத்திரை குத்தாமலே மடித்துப் பெட்டியில் போட்டாள். என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். டாக்டரைப் பற்றி அதற்குமேல் எங்கள் வீட்டில் பேச்சு எழவில்லை. அவர் இறந்த செய்தியைப் பேப்பரில் படித்தபோது, பேப்பரை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குத் தளிகை பண்ணப் போனாள்.

சென்ற ஆண்டு ஆவணியில் அவளுக்கு மூச்சுத் திணறல் வந்தது. பக்கத்து வீட்டுப் பையன் காரில் ஏற்றித் தென்னூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். அது டாக்டரின் வாரிசுகள் நடத்துவது என்பது உள்ளே போன பிறகே தெரிந்தது. முன்கூடத்தில் அவருடைய ஆளுயரப் படம், சந்தன மாலை. படத்துக்குக் கீழே, முன்பணம் கட்டும் சாளரத்துக்கு நேர்மேலே, பளிங்கில் தங்க நிறம் பூசிய எழுத்துகள்: *பிரசவத்துக்காக இனி யாரும் ஆற்றைக் கடக்க வேண்டாம்.* அதைப் படிப்பதற்கே நாங்கள் ஆற்றைக் கடந்து வந்திருந்தோம். சக்கர நாற்காலியில் காத்திருந்த அவள் அதை எழுத்தெழுத்தாகப் படித்தாள். பிராணவாயுக் குழாயை மூக்கிலிருந்து சற்று நகர்த்திக்கொண்டு, "ஏன்னா, நம்ம சுவரைன்னா தூக்கிண்டு வந்துட்டா" என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். இருமலும் சேர்ந்து வந்ததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அங்கே நன்றாகவே பார்த்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த வாரமே அவள் போய்விட்டாள்.

திரும்பி வந்ததும் மழைக்காலம் தொடங்கியது. பல ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய சுண்ணாம்பு, இந்த முறை ஈரம் தாங்காமல் பக்கவாட்டுச் சுவரில் ஏடு ஏடாக உரிந்தது. அடியிலிருந்து நீலம் வந்திருக்கிறது. முழு வாக்கியமும் இல்லை. "ஆற்றை" தெளிவாக இருக்கிறது, "யாரும்" பாதி, கடைசியில் "வேண்டாம்." காலையில் பால் வாங்கப் போகும்போது அதைக் கடந்துதான் போகிறேன். சந்தில் இப்போது யாரும் நின்று படிப்பதில்லை.

செய்யாமல் இருப்பவை:

வாக்காளர் பட்டியலிலிருந்து அவள் பெயரை நீக்க விண்ணப்பிக்க வேண்டும்.

தெருக்கோடி மனையில், அடிக்கல்லை மூடிய புதரை வெட்ட ஆள் சொல்ல வேண்டும். அவள் கையால் பூசிய சுண்ணாம்பு அதில் இருக்கிறது.

துணி வெளுத்துத் தந்த அம்மாள் இருக்கிறாளா என்று கரையோரம் போய் விசாரிக்க வேண்டும். இருந்தால், மாமி போய்விட்டதைச் சொல்ல வேண்டும்.

இன்னும் சில நாட்களில் போகிக்கு வெள்ளையடிக்க ஆள் வருவார். அந்தச் சுவரை அடிப்பதா விடுவதா என்று அவர் கேட்பார். அதற்கு என்ன சொல்வதென்று அவளிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.